சர்நேம் இல்லாத வீட்டில் குழந்தைக்குப் பெயர் பார்ப்பது

சி. வி. ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு 1983இல் கிடைத்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு நோபல். ஆனால் பெயர்களை மட்டும் வைத்துப் பார்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு இவர்கள் சித்தப்பாவும் மகனும் என்று தெரிய வழியே இல்லை. ராமனின் பெயரில் உள்ள 'சி' அவருடைய அப்பா சந்திரசேகர ஐயரைக் குறிப்பது. அந்தத் தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைத்தார்கள். ஆக, சித்தப்பாவிடம் இனிஷியலாக இருந்தது அண்ணன் மகனிடம் பெயராக வந்து நின்றது. ராமன் விளைவு, சந்திரசேகர் எல்லை என்று இயற்பியல் புத்தகங்களில் இருப்பவை இரண்டும் அவரவரின் சொந்தப் பெயர்கள்.

குழந்தைக்குப் பெயர் தேடும்போது எங்கே பார்த்தாலும் கிடைக்கிற ஓர் ஆலோசனை, சர்நேமோடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள் என்பது. நல்ல ஆலோசனைதான். ஆனால் அது தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயர் ஓடிவருகிற ஊர்களுக்காகச் சொல்லப்பட்டது. அங்கே ஒரு பக்கம் அசையாமல் நிற்கும், மறுபக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். நம்மிடம் அசையாமல் நிற்பது எதுவும் இல்லை. அப்பாவின் சொந்தப் பெயரே பிள்ளைக்கு இனிஷியலாகவோ சர்நேமாகவோ போகிறது, பிள்ளையின் பெயர் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதனால் தமிழ்க் குடும்பத்தில் ஒருவர் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளின் சர்நேமையும் சேர்த்தே வைத்துவிடுகிறார். இதை யோசித்துப் பெயர் வைப்பவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பது தெரிந்த கதைதான். பிள்ளை, முதலியார், செட்டியார், நாயுடு, ஐயர் என்று பெயருக்குப் பின்னால் வந்தவை சாதிப் பட்டங்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு அவற்றை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த ஓரிரு தலைமுறைகளில் அவை தமிழகத்தின் பொதுவாழ்விலிருந்து பெரும்பாலும் போய்விட்டன. போன இடத்தில் வேறு எதையும் யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. பின்னால் இருந்தது உதிர்ந்தது, முன்னால் இருந்த இனிஷியல் தங்கியது. உ. வே. சா.வின் உ உத்தமதானபுரம், வே அவருடைய அப்பா வேங்கடசுப்பையர். அண்ணாதுரையின் சி. என்., காஞ்சிபுரமும் நடராஜனும். ஊர் இனிஷியல் இப்போது அருகிவிட்டது, அப்பா பெயர் மட்டும் மிச்சம். சில வீடுகளில் தாத்தாவும் சேர்ந்துகொள்கிறார். மு. க. ஸ்டாலின் என்பதில் மூன்று தலைமுறை இருக்கிறது.

சரி, இனிஷியலோடு ஒரு பெயர் எப்படி ஒலிக்கிறது? முதலில் கவனிக்க வேண்டியது, இன்றைய தமிழ்க் குழந்தைக்கு இனிஷியல் ஒன்று இல்லை, இரண்டு. அப்பா பெயர் முருகன் என்றால் வாயில் வருவது 'எம். கவின்'. தமிழில் எழுதினால் 'மு. கவின்'. அப்பா ஞானசேகரன் என்றால் அங்கே ஜி, இங்கே ஞா. முன்பு தமிழில் பெயரை எழுதும்போதும் 'எம்' என்றே போட்டுச் சமாளித்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு, தமிழில் எழுதும் பெயருக்கு இனிஷியலும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டது. அரசு அலுவலகம், பள்ளி, கல்லூரி எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஆணை அது. அதனால் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் இனிஷியலில் ஒரு வேடிக்கையும் ஒரு வில்லங்கமும் உண்டு. நம் எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஒலி. அது அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொண்டு புதிய சொல்லாகிவிடும். மாரிமுத்துவின் மகன் வீரன் என்றால் மா. வீரன், கேட்கவே கம்பீரம். கோபாலின் மகள் மதி என்றால் கோ. மதி, வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியர் கோமதி என்றே கூப்பிடுவார். பூபாலனின் மகன் அரசன் என்றால் புணர்ச்சி விதியே வேலை செய்து பூவரசன் ஆக்கிவிடும். ஆனால் குமாரின் மகன் ரங்கன் பள்ளியில் என்ன பாடுபடுவான் என்பதைச் சேர்த்துப் படித்தாலே தெரியும். பேச்சிமுத்து தன் மகனுக்கு ராசா என்று பெயர் வைத்தால், நான்காம் வகுப்புக்குள் யாராவது ஒருவன் கடைசி ஆவை ஐ ஆக்கிப் பேராசை என்றுவிடுவான். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். பெயரை முடிவு செய்யுமுன் பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருவனிடம் இனிஷியலோடு சொல்லிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

இனிஷியலும் பெயரும் திட்டமிட்டே ஒட்டிப் பெயரான கதைகளும் உண்டு. வை. கோபால்சாமி வைகோ ஆனார். திருமாவளவன் ஒரு படி மேலே போய், அப்பா ராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றி, அதிலிருந்து 'தொல்.' எடுத்துக்கொண்டார். பிள்ளைக்குப் பொருத்தமாக அப்பாவின் பெயரை அமைத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆங்கில இனிஷியலின் சிக்கல் வேறு. எஃப், எல், எம், என், ஆர், எஸ் எல்லாம் மெய்யில் முடிகின்றன. அதே மெய்யில் பெயர் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'எஸ். சத்யா'வை வேகமாகச் சொன்னால் எஸ் காணாமல் போகும். 'எல். லலிதா', 'ஆர். ரவி' எல்லாம் இந்த ரகம். உயிரில் தொடங்கும் பெயர் வந்தால் மெய் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'ஆர். இனியன்' தொலைபேசியில் ஆரினியன். ஏ, பி, சி, டி, கே, வி போன்றவை உயிரில் முடிவதால் மெய்யில் தொடங்கும் பெயரோடு சிக்கலில்லாமல் போகும். 'டி' மட்டும் பெண் குழந்தைக்குக் கொஞ்சம் சங்கடம். 'டி. மீனா' என்றால் ஒன்று தேநீர், அல்லது மரியாதைக் குறைவு.

இனிஷியல் உள்ளூரோடு சரி. பாஸ்போர்ட் என்று வந்தால் அதை விரித்தாக வேண்டும், அங்கே இனிஷியலுக்கு இடமில்லை. பான் கார்டு விண்ணப்பத்திலும் அப்படித்தான்: கடைசிப் பெயர் கட்டாயம், அதில் வெறும் இனிஷியல் போட முடியாது. இங்கேதான் அப்பாவின் பெயர் முழு உருவத்தில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வந்து நிற்கிறது. பொருத்தம் பார்க்க வேண்டிய உண்மையான இடம் இதுதான்.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. பள்ளியில் தேமா, புளிமா என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அசை பிரிக்கும் பாடம். செல்வி, மாறன், வேலன் எல்லாம் தேமா. குமரன், முகிலன், முருகன் புளிமா. ஆதவன் கூவிளம். கயல்விழி கருவிளம். இதை வைத்து இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 'மாறன் வேலன்' என்றால் தேமா தேமா. ஒருவருடைய பெயராகவே தோன்றாது, அண்ணன் தம்பி இருவரைக் கூப்பிடுவதுபோல இருக்கும். 'முகிலன் குமரன்' புளிமா புளிமா, அதே கதை. 'கயல்விழி குமரன்' என்றால் கருவிளமும் புளிமாவும். நடை மாறுகிறது, காது இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக வாங்கிக்கொள்கிறது. அப்பா பெயர் நீளம் என்றால் பிள்ளைக்கு ஒரே அசைப் பெயர்கூட அழகாக உட்காரும். சுப்பிரமணியன் நான்கு அசை, நிலா ஓர் அசை. 'நிலா சுப்பிரமணியன்' என்று சொல்லிப் பார்த்தால் மூச்சு எங்கும் தட்டாது. அதே அப்பாவுக்கு 'வெங்கடநாராயணி' என்று ஒரு மகள் இருந்தால் பெயர் சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும்.

மோனையும் எதுகையும் பெயரில் வரலாமா? மோனை வரலாம். 'கவின் கண்ணன்' இதமாகத்தான் இருக்கிறது. எதுகை வந்தால் கொஞ்சம் பாட்டுத்தனம் ஏறிவிடும், 'மாலினி பாலன்' மாதிரி. ஆனால் ஆண் குழந்தைகளுக்கு உண்மையான தொல்லை இயைபு, அதாவது இரண்டும் ஒரே மாதிரி முடிவது. நம் ஆண் பெயர்களில் பெரும்பகுதி 'அன்' என்று முடிவதால் இது தானாகவே வந்துவிடுகிறது. இளமாறன் தமிழரசன், அகிலன் இனியன். தவறென்று சொல்ல முடியாது, ஆனால் பெயர்ப் பட்டியல் வாசிப்பதுபோல இருக்கும். பெண் பெயர்கள் பெரும்பாலும் இ, ஆ என முடிவதால் தப்பித்துக்கொள்கின்றன. இயைபு எப்போதும் கெடுதல் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். கனடா அரசியலில் கேரி ஆனந்தசங்கரி என்று ஒருவர் இருக்கிறார். இலங்கை அரசியல்வாதி வீ. ஆனந்தசங்கரியின் மகன். இரண்டு பெயரும் 'ரி'யில்தான் முடிகின்றன. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்பதால் நன்றாகவே ஒலிக்கிறது.

அசையைவிட முக்கியமானது இரண்டு பெயரும் தொட்டுக்கொள்ளும் இடம். உயிரில் முடிந்து உயிரில் தொடங்கினால் தமிழ் வாய் இடையில் ய் அல்லது வ் போட்டுவிடும். இ, ஈ, ஐக்குப் பிறகு ய், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் வ். 'மீரா ஆதித்தன்' வேகத்தில் மீராவாதித்தன். மெய்யில் முடிந்து அதே மெய்யில் தொடங்கினால் ஒன்று விழுந்துவிடும்; 'அகில் லட்சுமணன்' அகிலட்சுமணன் ஆகிவிடுவான். 'ஆதிரா ராமன்' என்பதில் ரா இரண்டு முறை வந்து நாக்கைத் தடுக்கிறது. மலேசியத் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே மகனுக்கு ஏ/எல் என்றும் மகளுக்கு ஏ/பி என்றும் வரும். 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. நடுவில் ஒரு வேலி இருப்பதால் பெயர்கள் ஒன்றோடொன்று உரசுவதில்லை.

வேலி இல்லாத இடங்களில் எது பெயர், எது அப்பா பெயர் என்ற குழப்பமும் வரும். விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய அப்பா. ஆனாலும் சதுரங்க உலகம் அவரைச் செல்லமாக 'விஷி' என்று கூப்பிட்டே பழகிவிட்டது. அப்பாவின் பெயரைச் சுருக்கி மகனைக் கூப்பிடுகிறார்கள். இன்றைய ஆட்டக்காரர்களில் ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா என்றால் ரமேஷ்பாபு அப்பா. அக்கா வைஷாலிக்கும் அதே ரமேஷ்பாபு உண்டு. தொம்மராஜு குகேஷ் என்றால் தொம்மராஜு அப்பா அல்ல, தெலுங்குக் குடும்பத்தின் வீட்டுப் பெயர். சென்னையில் வளர்ந்த இருவர், பார்வைக்கு ஒரே வடிவம், உள்ளே வேறு வேறு ஏற்பாடு. சுந்தர் பிச்சைக்கு அப்பா பெயர் பிச்சை. உலகத்துக்கு அது இப்போது ஒரு குடும்பப் பெயர்.

இதெல்லாம் உலகத்தில் நமக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்திலும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1980இல் அங்கே குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், ஃபின்போகி என்பவரின் மகள், அவ்வளவுதான் பெயர். தொலைபேசிப் புத்தகத்தைக்கூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். நம் கணக்கும் அதுவே. ஆனால் அங்கே நாடே அதற்கேற்ப அமைந்திருக்கிறது, நாம் இன்னொருவரின் படிவத்தில் நம் பெயரை நுழைத்துக்கொண்டிருக்கிறோம்.

படிவம் சும்மா விடுவதில்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயரை மட்டும் போட்டுக்கொண்ட தமிழர்கள் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவித்ததும் பலருக்குப் பயணமே நின்றுபோனது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று அப்புறம் தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இன்னொரு கூத்து: ஒரே பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விட்டால், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வைத்தவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒரு பக்கம் இருக்க, ஆள் எஃப்என்யு ஆகிவிடுகிறார்.

அதனால் கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரைப் போடுவதே இப்போது வழக்கம். அம்மா பெயரையும் போடலாம். 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்று விதி தளர்ந்தது. வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட சில குடும்பங்கள் தாத்தா பெயரையே எல்லோருக்கும் பொதுவான குடும்பப் பெயராக நிறுத்திக்கொள்கின்றன. அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் மூன்று சர்நேம் இருந்தால் குடிநுழைவு மேசையில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளூரில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக் காப்பியடிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி முதலில் சொன்ன விஷயம்: வைக்கிற பெயர் முப்பது ஆண்டு கழித்து இனிஷியலாகவும் சர்நேமாகவும் வேலை செய்யுமா? கவின் செய்யும், 'யாழினி கவின்' நன்றாக இருக்கிறது, 'க. யாழினி'யும் நன்றாக இருக்கிறது. எண்கணிதம் பார்த்து அமைக்கிற ரித்விக், ஷ்ரிஷ்விக் வகைப் பெயர்கள் சர்நேம் இடத்தில் திணறும். மெய்யெழுத்து அடுக்காக வருவதால் முன்னால் எந்தப் பெயரை வைத்தாலும் இடிக்கும். இன்னொன்று, தமிழ்ச் சொல் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ப்ரணவ், த்ருவ், ஷ்யாம் என்று எழுதிப் பழக்கிவிட்டால், நாளை அந்தப் பிள்ளையின் குழந்தைக்குத் தமிழ் இனிஷியல் எது? 'ப்.' என்று எழுதலாம், சொல்ல முடியாது. பிரணவ், துருவ் என்று எழுதினால் பி., து. எனத் தொல்லை தீர்ந்தது. செல்லப் பெயரையே பதிவுப் பெயராக வைக்கிற வழக்கமும் இப்போது பரவுகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது அழகுதான். அதே பெயர் இன்னொருவருடைய சர்நேமாகக் கல்யாணப் பத்திரிகையில் வரும் என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

மகளுக்குப் பெயர் வைக்கும்போது இந்தக் கணக்கு வேண்டியதில்லை என்று முன்பு சொல்லியிருப்பார்கள். இப்போது அம்மாவின் எழுத்தையும் இனிஷியலில் சேர்க்கிற வீடுகள் கூடி வருகின்றன, அதனால் அவளுக்கும் இது பொருந்தும்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரிகள் உண்டு. ஒரு வரிக்கு 44 இடம், அதில் பெயருக்கு 39. பாலசுப்பிரமணியன் ஆங்கிலத்தில் 15 எழுத்து. பிரிக்கும் குறிகள் இரண்டு போக 22 மிச்சம். ஒரு பெயருக்குத் தாராளம். முன்னால் ஸ்ரீ, நடுவில் குலதெய்வம், பின்னால் தாத்தா என்று எல்லோரையும் திருப்திப்படுத்தப் போனால் வால் வெட்டுப்படும்.

கடைசியாக எழுத்துக்கூட்டல். ழ உள்ள பெயர் வைக்கிறவர்கள் ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் யாழினியை யாசினி என்று படித்தால் பரவாயில்லையா என்பதையும் சேர்த்து. பிறப்பைப் பதிய 21 நாள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குமேல் தாமதக் கட்டணம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். முன்பு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் சரி செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட முடிந்தது, இப்போது அது நடக்காது. பதிவு செய்யப் போகும்போது குழந்தையின் பெயரையும் அப்பா, அம்மா பெயர்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் எழுதுகிறவர் காதில் எப்படி விழுந்ததோ அதுதான் பெயர்.